பச்சைக் கம்பியில் பூஜ்யம்

என் கணவரின் அண்ணனுக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் எழுதப்போகிறதை நடுநிலையான பேச்சு என்று நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

திருச்சானூரில் கோயிலுக்குப் பின்பக்கம், லாட்ஜுகள் முடிகிற இடத்தில் ஒரு சந்து. அதில் எங்கள் வீடு. கீழே அவரும் அவர் மனைவியும், மாடியில் நானும் என் கணவரும். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். பெரியவர் சித்தூரில் அடுக்குமாடிகளுக்கு வயரிங் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். எங்கள் வீட்டு வயரிங்கும் அவர் கைவரிசைதான். சுவரில் ஓர் ஆணி அடிக்கப் போனால் போதும், "பாத்து, உள்ள என் கம்பி ஓடுது" என்று கீழேயிருந்து கத்துவார். என்னவோ அவர் உடம்பு நரம்பையே உருவிச் சுவரில் பதித்த மாதிரி.

நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் லேப் அசிஸ்டென்ட். ஷேர் ஆட்டோவில் போய், மாணவர்களுக்கு அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டு, ஷேர் ஆட்டோவில் திரும்பி வருகிற வேலை. பதினெட்டு வருடமாக அளக்கிற கருவிகளை அடுத்தவர்கள் கையில் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு காதுகுத்து விருந்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில், "எங்க தம்பி பொண்டாட்டிக்கு அம்மீட்டர் தொடைக்கிற உத்தியோகம்" என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அன்று சாப்பிட்டது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அந்தக் காட்டத்தில் ஆரம்பித்ததுதான் என் வீட்டு ஆட்டோமேஷன். பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது வீம்பு. கீழே இருக்கிற மெயின் போர்டில், ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சென்சார் வளையம் மாட்டினேன். அது கம்பியை வெட்டாமல், வெளியிலிருந்தே கவ்விக்கொண்டு, உள்ளே எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று சொல்லும். வளையங்களிலிருந்து வயர், தீப்பெட்டி அளவு ஒரு சின்ன போர்டுக்குப் போகும். அங்கிருந்து வைஃபையில் என் போனுக்கு. மோட்டார் எப்போது ஓடியது, ஃப்ரிட்ஜ் எப்போது நின்றது, கீசர் எவ்வளவு இழுக்கிறது, எல்லாம் லேபில் உட்கார்ந்தபடியே தெரியும். "என் போர்டுல கைய வெக்கிறதுக்கு இவ யாரு?" என்று பெரியவர் ஒரு வாரம் கத்தினார். என் கணவர் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். அவர் யார் பக்கமும் சாயாதவர். அதனால் எப்போதும் அண்ணன் பக்கம்.

பெரிய கரண்டை அந்த வளையங்கள் ஒழுங்காகத்தான் சொல்லின. சின்னக் கரண்டில்தான் மானம் போனது. ஒன்றுமே ஓடாத கம்பியில் மாட்டினாலும் போனில் முப்பது மில்லி ஆம்பியர், நாற்பது மில்லி ஆம்பியர் என்று எண் துள்ளிக்கொண்டே இருக்கும். மில்லி ஆம்பியர் என்றால் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கீசர் எட்டொன்பது ஆம்பியர் இழுக்கிற இடத்தில் இது தூசு. ஆனால் பெரியவர் கண்ணில் அந்தத் தூசுதான் பட்டது. ஒரு நாள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "சுட்சி ஆஃப், பொருளு ஆஃப், ஆனா நாப்பது காட்டுது! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். கோணல் என்று நான் சொல்லவே இல்லை. பழமொழியைக்கூட இடம் பார்த்துச் சொல்லத் தெரியாத மனுஷன்.

இணையத்தில் இந்த வேலை செய்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு குழு இருக்கிறது. அங்கே கேட்டேன். முதலில் பதில் சொன்ன ஆள், "சிஸ்டர், உங்கள் ஹஸ்பெண்டை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றான். என் ஹஸ்பெண்டுக்கு ஃபியூஸ் போனால் என்னைத்தான் கூப்பிடத் தெரியும். இன்னொருவன், சின்ன எண்களைக் கண்டுகொள்ளாதே, ஐம்பதுக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம் என்று காட்டும்படி புரோகிராமில் ஒரு வரி எழுதிவிடு, எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம் என்றான். எழுதினேன். ஒரே வரி. போன் திரை பளிச்சென்று ஆனது. ஓடுகிறதற்கு எண், ஓடாததற்குப் பூஜ்யம். மறுநாள் வேண்டுமென்றே பெரியவர் கண்ணில் படுகிற மாதிரி போனைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனேன்.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா என்னிடம் ஒரு பேச்சை எடுத்தார். பாலசமுத்திரத்துப் பக்கத்துக்காரர். எங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர் என்பதால் கீழேயும் மேலேயும் அவர்தான் ஆறு வருடமாக. காலையில் ஆறரைக்கு வருவார். கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவார். அங்கே ஒரு துவைகல், பித்தளைக் குழாய், எந்நேரமும் ஈரமாக இருக்கிற சிமெண்ட் தரை.

"இன்னான்னே தெரியலமா. கொழாய்ல கைய வெச்சா ஜிவ்வுன்னு மொழங்கை வரிக்கும் ஏறுது. ஒரு நாள் இருக்குது, ஒரு நாள் இல்ல. காலைல தேய்ச்சிகினு இருக்கசொல்லதான்."

"கீழ மாமாகிட்ட சொன்னியா அக்கா?"

"சொன்னேனே. சிரிச்சாரு. நாலு வூட்ல தேய்க்கிறேம்மா. இந்தக் கைதான் எனக்கு சோறு போடுது. இது மடங்கிப்போச்சின்னா யாரு எனக்கு ஆக்கிப் போடுவாங்க?"

வலது கையை நீட்டிக் காட்டினார். சபீனா தின்ற விரல்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெரியவரைக் கேட்டேன். "எர்த் போட்ட வூடும்மா இது! ஆறடிக் குழி, கரி, உப்பு, எல்லாம் நானே நின்னு கொட்டினேன். குழி காயக்கூடாதுன்னு வாரா வாரம் ஒரு கொடம் தண்ணி அவளையே ஊத்தச் சொல்லியிருக்கேன், கேட்டுப் பாரு. ஏமி லேது, ஒண்ணும் கெடையாது. அவளுக்கு ஒடம்பு வளையல, அவ்ளோதான்." அவர் மனைவி உள்ளே இருந்தபடியே, "போன மாசம் இடுப்பு, இந்த மாசம் கரண்டு" என்றார். அன்று சாயங்காலம் பெரியவர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, குழாயில் வைத்துக் காட்டினார். லைட் எரியவில்லை. டெஸ்டரைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு போன போக்கைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பொய் சொல்லிப் பயனில்லை. அக்காவின் கைக்காக நான் அளக்கக் கிளம்பவில்லை. அந்த மனுஷன் போட்ட கம்பியில் ஒரு கோளாறு கிடைத்தால் விருந்தில் வைத்து அவரைக் கிழிக்கலாம் என்றுதான் கிளம்பினேன். ஐம்பது ரூபாய் டெஸ்டரைக் காலை வேளையில் ஒரு தரம் குழாயில் வைத்துப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அது அவருடைய கருவி. அதை நான் தொடுவேனா? என்னிடம்தான் வளையம் இருக்கிறதே, போன் இருக்கிறதே, பதினெட்டு வருட லேப் இருக்கிறதே.

கணக்கு எளிது. வீட்டில் எந்தச் சாமானிலாவது கரண்டு கசிந்தால், அது எர்த் கம்பி வழியாகத்தான் குழிக்குப் போக வேண்டும். எர்த் கம்பி என்றால் பச்சை உறை போட்ட கம்பி. எல்லா பிளக்கிலிருந்தும் வந்து மெயின் போர்டில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே கம்பியாகச் சுவருக்குள் இறங்கிக் குழிக்குப் போகிறது. அந்தப் பச்சைக் கம்பியில் வளையத்தை மாட்டினால் கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். மாட்டினேன். பூஜ்யம்.

ஐம்பதுக்குக் கீழே பூஜ்யம் என்று நானே எழுதிய வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது. மனித உடம்பு ஒரு மில்லி ஆம்பியரிலேயே விறுவிறுப்பை உணரும். பத்தைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாது. லேப் சுவரில் இந்த அட்டையை ஒட்டியவளே நான்தான். அவளே ஐம்பது வரைக்கும் ஒன்றுமில்லை என்று எழுதி வைத்திருக்கிறாள்! என்னை நானே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு அந்த வரியை அழித்தேன். பழைய முப்பதும் நாற்பதும் திரும்ப வந்து துள்ளின. ஐந்தும் பத்தும் அந்தக் குதியாட்டத்தில் எங்கே தெரியப்போகிறது?

மறுபடி குழுவில் கேட்டேன். இந்தத் தடவை யாரோ ஒரு புண்ணியவான் ஒரே வாக்கியத்தில் பதில் போட்டான்: கம்பியை வளையத்துக்குள் பத்துத் தடவை நுழைத்துச் சுற்று. சுற்றுக்கு ஒரு மடங்காக வளையம் பத்து மடங்கு உணரும், வருகிற எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள். அழகான யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டு, பச்சைக் கம்பியைப் போர்டிலிருந்து கழற்றி, நடுவில் ஒரு நீளத் துண்டு சேர்த்து, பத்துச் சுற்றுச் சுற்றினேன். வெறும் கம்பியில் துள்ளுகிற எண்ணைச் சராசரி எடுத்துக் கழிக்கும்படி புரோகிராமையும் மாற்றினேன். சோதித்துப் பார்க்க, தெரிந்த அளவு சின்னக் கரண்டை அதில் ஓட்டினேன். மூன்று கொடுத்தால் முப்பது காட்டியது, ஐந்து கொடுத்தால் ஐம்பது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

மூன்று நாள் காலை அளந்தேன். கீழே கீசர் ஓடுகிறது, பின்பக்கம் அக்கா தேய்க்கிறார், நான் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைப் பார்க்கிறேன். கீசர் போட்டாலும் அதே, அணைத்தாலும் அதே. பச்சைக் கம்பியில் ஒன்றுமே ஓடவில்லை. இந்தத் தடவை நான் எழுதி வைத்த பூஜ்யம் இல்லை, அளந்து வந்த பூஜ்யம். மூன்றாம் நாள் பெரியவர் குளிக்கப் போகிற வழியில் துண்டோடு நின்றார்.

"இன்னா சொல்லுது உன் மிஷினு?"

நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"வாயத் தொறந்து சொல்லும்மா. கசியுதா?"

"இல்ல மாமா."

"இல்லயா! நல்லா கேட்டுக்கோ," என்று மனைவி இருந்த அறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார், "மிஷினே சொல்லிடுச்சி." கீசர் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனார். குளிக்கும்போது கீசர் ஓடக்கூடாது என்பது அந்த வீட்டில் அவர் போட்ட சட்டம்.

அவர் வயரிங் சரி என்று என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். அந்தக் கோபத்தை எங்கே கொட்டுவது? நேராகப் பின்பக்கம் போனேன். அக்கா குனிந்து குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மூணு நாளா அளந்து பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல. உனக்குதான் நரம்புல ஏதோ கோளாறு. போய் டாக்டர பாரு. சும்மா சும்மா கரண்டுன்னு சொல்லிகினு இருக்காத, எனக்கு அசிங்கமா இருக்குது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயே அளந்து பாத்தியா?"

"ஆமா."

"அப்ப சரிமா. நான்தான் ஏதோ நெனச்சிகினேன்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் மறந்துபோனேன். பச்சைக் கம்பியில் சுற்றியதைப் பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டு, மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கிற வேலையில் இறங்கினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு காலையில் பின்பக்கம் பாத்திரங்கள் விழுகிற சத்தம். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் அக்கா ஏறி வந்தார். வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். உதட்டில் ரத்தம். விழுந்ததில் உதட்டைக் கடித்திருந்தார்.

"புடிச்சிக்கிச்சிமா. கொழாய் என் கைய புடிச்சிக்கிச்சி. உட மாட்டேங்குது. அப்பிடியே சாஞ்சி வுழுந்தேன், அதுல உட்டுச்சி. இல்லன்னா செத்திருப்பேன்."

நான் அப்போதும் என்ன செய்தேன் தெரியுமா? போனைத் தேடினேன். சத்தியமாக. எடுத்துப் பார்த்தேன். பச்சைக் கம்பி பூஜ்யம் காட்டியது. "இல்ல அக்கா, இங்க பாரு…" என்று ஆரம்பித்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். ஆறு வருடத்தில் ஒரு தரம்கூட என்னைத் தொட்டதில்லை.

"போன உடு. கீழ வா. வந்து தொடு."

இறங்கினோம். பின்வாசல் படியில் மூன்று ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். ஈரத்தில் வழுக்கும் என்பதால் அந்தப் பக்கம் போகிறவர்கள் மாட்டிக்கொண்டு போக. நானும் பழக்கத்தில் காலை நுழைத்தேன்.

"அத அவுத்துட்டு தொடுமா," என்றார் அக்கா. "என்ன மாதிரி நின்னு தொடு."

அவிழ்த்தேன். ஈரத் தரை பாதத்தில் சில்லென்று இருந்தது. கீசர் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே சிவப்பு லைட் தெரிந்தது. ஒரு விரல் நுனியை மட்டும் குழாயில் வைத்தேன். வைத்ததுதான் தெரியும். கை தோள்பட்டை வரைக்கும் வெட்டி இழுத்தது, நான் சுவரில் போய் மோதினேன். வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது. பெரியவர் மனைவி ஓடி வந்து, "ஐயோ, இன்னா ஆச்சி?" என்று கேட்டார். அக்கா உதட்டில் ரத்தத்தோடு பக்கத்தில் நின்றிருந்தார். கேள்வி என்னைப் பார்த்துத்தான்.

நான் முதலில் மெயினை அணைத்தேன். பிறகு சுத்தியலும் உளியும் எடுத்துவந்து, எர்த் குழிக்கு மேலே சுவரின் அடிப்பூச்சைப் பெயர்த்தேன். பெரியவர் அதிகாலையிலேயே சித்தூர் போய்விட்டிருந்தார், தடுக்க ஆள் இல்லை. அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு கத்தினார், கத்தட்டும் என்று விட்டேன். ஒரு சாண் பெயர்த்ததும் பச்சைக் கம்பி வந்தது. முனையில் உறைகூட உரிக்கவில்லை. பாம்புக் குட்டி மாதிரி சுருண்டு, டேப் சுற்றி, பூச்சுக்குள் படுத்திருந்தது. குழிக்குள் நட்ட எர்த் குழாய் இரண்டடி தள்ளி, தனியாக. போல்ட் போட ஓட்டை இருந்தது, போல்ட் இல்லை. ஆறு வருடமாக இந்தக் குழிக்குத்தான் வாரம் ஒரு குடம் தண்ணீர். ஊற்றியது அக்கா.

பச்சைக் கம்பி குழி வரைக்கும் போனால்தானே அதில் ஏதாவது ஓடும்? எங்கேயும் போய்ச் சேராத கம்பியில் பத்துச் சுற்று என்ன, நூறு சுற்றுச் சுற்றினாலும் பூஜ்யம்தான் வரும். கருவி சரியாகத்தான் சொன்னது. நான்தான் வறண்ட வாய்க்காலில் உட்கார்ந்துகொண்டு எங்கேயும் தண்ணீர் ஒழுகவில்லை என்று சாதித்தேன். பழுதான கீசரில் கசிந்த கரண்டு, தண்ணீர்க் குழாய் வழியாகப் பின்பக்கம் வந்து, வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கிற ஒரே ஆளின் கை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு ரப்பர் செருப்பு. நான்காவது ஜோடி ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒரு வயர்த் துண்டால் பச்சைக் கம்பியைக் குழிக் குழாயோடு சேர்த்துக் கட்டி, மெயினைப் போட்டு, கீசரைப் போட்டேன். போனில் நூற்றுப் பத்து. பத்தால் வகுத்தால் பதினொன்று.

சாயங்காலம் பெரியவர் வந்ததும் வராததுமாகப் பெயர்த்த சுவரைப் பார்த்துக் குதித்தார். நான் கம்பி முனையை இழுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது இன்னா மாமா?"

முனையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மேஸ்திரி பூசிட்டுப் போயிட்டான். நான் அன்னிக்கு சைட்ல இருந்தேன்" என்றார்.

"நானே நின்னு போட்டேன், நானே நின்னு போட்டேன்னு ஆறு வருசமா சொன்னீங்களே, அப்ப எங்க நின்னுகினு இருந்தீங்க?"

"ஏய், மரியாதையா பேசு. ஆறு வருசம் ஆச்சி. யாருக்கு இன்னா ஆச்சி? சும்மா ஊரிகே ரச்ச பண்ணாத."

"யாருக்குன்னா? இந்த வூட்ல வேலை செய்றவங்க ஆள் கணக்குல வருவாங்களா மாட்டாங்களா? குளிக்கசொல்ல கீசர ஆஃப் பண்ணுங்கன்னு வூட்ல எல்லாருக்கும் சட்டம் போட்டீங்களே, எதுக்கு? உங்க கம்பிய நீங்களே நம்பல. நம்பாத கம்பிய நம்பி ஒருத்திய ஈரத்துல நிக்க வெச்சீங்க."

"அம்மீட்டர் தொடைக்கிறவ எனக்கு வயரிங் கத்துத் தர்றியா?"

"ஆமா, கத்துத் தர்றேன். மொதல்ல உறைய உரிக்கணும். அப்பறம் போல்ட் போடணும்."

"உடுங்களேன் ரெண்டு பேரும்" என்றார் என் கணவர். "உங்க வாய மூடுங்க" என்றேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு நிறையத் தடவை சொல்லியிருக்கிறேன்.

எத்தனை வருடம் காத்திருந்த சண்டை அது! பெரியவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் ஜெயித்தேன். மாடிக்கு வந்து உட்கார்ந்தேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. டாக்டரைப் பார் என்று அக்காவிடம் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் அவர் கீசரில் புது எலிமெண்ட் மாற்றினார், நான் குழிக் குழாயில் போல்ட் போட்டு எர்த் கட்டினேன். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல். கசிவு வந்தால் அந்த நொடியே மொத்த வீட்டையும் அணைக்கிற சுவிட்சும் போட்டோம். நான் எல்லாவற்றையும் அளந்தேன். எர்த் கம்பியில், கீசர் லைனில், குழாயில். செருப்பில்லாமல் ஈரத்தில் நின்று, விரல், பிறகு உள்ளங்கை, பிறகு இரண்டு கையும். அந்த மனுஷனின் டெஸ்டரைக்கூட வாங்கி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இப்போது நிஜமாகவே இல்லை.

அக்கா இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு வந்தார். உதடு வீங்கியிருந்தது. நான் முன்கூட்டியே பின்பக்கம் போய் நின்றிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நின்றேன். வாயைத் திறந்தால் விளக்கம்தான் வந்தது. கம்பி எங்கே முடிந்திருந்தது, ஏன் பூஜ்யம் காட்டியது, இப்போது எங்கே கட்டியிருக்கிறேன், பதினொன்று எப்படி ஒன்றுமில்லாமல் ஆனது என்று மூச்சுவிடாமல் பேசினேன். போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். லேபில் பசங்களுக்கு மாஸ்டர் பாடம் எடுக்கிற மாதிரிதான் இருந்திருக்கும். அக்கா போனைப் பார்க்கவில்லை. பாத்திரக் கூடையை இறக்கி வைத்தார். புடவை முந்தானையை இழுத்து வலது கையில் இரண்டு சுற்று, மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு குழாய்ப் பக்கம் குனிந்தார்.

"அதெல்லாம் வேணாம் அக்கா," என்றேன். "இப்ப ஒண்ணும் இல்ல. நான் நல்லா அளந்து பாத்துட்டேன்."

அவர் திரும்பவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"அன்னிக்கும் அளந்து பாத்துட்டுதானேமா சொன்ன."

துணி சுற்றிய கையாலேயே குழாயைத் திறந்தார்.